செல்ப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: சிடிஐ வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி

வாணி (கோண்டாவில், யாழ்ப்பாணம்) எழுதியது:

வணக்கம். என்னுடையது 110 சிசி காபரேற்றர் ஸ்கூட்டர், 2014 ஆம் ஆண்டு மாடல். கம்பனிப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் "அந்த வண்டியே அப்படித்தான்" என்று பாதிப்பேர் தொடங்கிவிடுவீர்கள்.

மாரி மழையில் முற்றத்தில் வெள்ளம் நின்றதால் வண்டியைத் திண்ணையில் ஏற்றி, படங்கு போட்டு மூடி வைத்தோம். பாடசாலை விடுமுறை என்பதால் அதன்பிறகு யாரும் தொடவில்லை. தைப்பொங்கல் முடிந்து எடுத்துப் பார்த்தால் செல்ப் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஹோர்ன் அடிக்கிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. கிக் அடித்தும் பார்த்தாயிற்று. ஒரு இருமல்கூட இல்லை. தாங்கியில் பாதிக்கு மேல் பெற்றோல் இருக்கிறது. வெள்ளம் எஞ்சின் பக்கம் வரவே இல்லை.

பக்கத்துக் கராஜிலிருந்து வந்த தம்பி பிளக்கைக்கூடக் கழற்றாமல், "சிடிஐ போய்விட்டது அக்கா, மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிடிஐ என்பது பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மின்பெட்டியாம். டவுனில் விசாரித்தால் அசல் சாமான் கைவசம் இல்லை, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்கிறார்கள். சொன்ன விலையைக் கேட்டு அப்பா கதிரையில் இருந்துவிட்டார்.

காசைக் கொட்டுவதற்கு முன், உண்மையிலேயே அதுதான் பழுதா என்று வீட்டில் வைத்தே கண்டுபிடிக்க முடியுமா? நான் படிப்பிப்பது சாவகச்சேரியில். காலையில் டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். தயவுசெய்து கெதியாகச் சொல்லுங்கள்.

கரவெட்டிப் பொடியன்:

அக்கா, புதுப் பிளக் ஒன்று போடுங்கள், மலிவுதான். எனக்கு அதிலேயே சரிவந்தது. சரிவராவிட்டால் காபரேற்றர் கிளீனர் அடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் விற்றுவிடுங்கள்.

பழைய ஸ்பானர் (கொக்குவில்):

பிள்ளை, இப்போதைக்கு ஒரு சாமானும் வாங்க வேண்டாம். பிளக்கும் வேண்டாம். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி ஓடினார்கள். அந்த நேரத்தில் தொடங்கிய பழக்கம் இது: பழுதைத் தேடாமல் சாமானை மாற்றிப் பார்ப்பது. நோய் தெரியாமல் மருந்து கொடுக்கிற வேலை. பிடித்தால் கராஜ்காரருக்குப் பெயர், பிடிக்காவிட்டால் உங்களுக்குச் செலவு.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பிளக் அடிக்கடி கரி பிடித்துப்போகும். மாற்றிப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மாற்றுவதற்குச் சாமானே கிடையாது. பிளக்கின் முகத்தைப் பார்த்துத்தான் வண்டிக்கு என்ன குறை என்று சொல்லப் பழகினோம். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

வண்டியை முற்றத்துக்கு இறக்குங்கள். குசினிப் பக்கம் வேண்டாம், அடுப்பும் சாம்பிராணியும் அருகில் இருக்கக்கூடாது. செல்பை ஐந்து விநாடி அடித்து, பத்து விநாடி ஆறவிட்டு, மறுபடியும் அடியுங்கள். ஒரேயடியாக அமத்திப் பிடித்தால் செல்ப் மோட்டாரும் பற்றரியும் சேர்ந்து போகும். சில தடவை அடித்ததும், தாமதிக்காமல் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள், மணந்தும் பாருங்கள்.

நுனி ஈரமாக, பெற்றோல் மணத்தோடு வந்தால் எஞ்சினுக்குப் பெற்றோல் போகிறது. பொறியில்தான் குறை, அல்லது பெற்றோல் அளவுக்கு மிஞ்சிவிட்டது. மிஞ்சியிருந்தால் பிளக்கைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டி, அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு செல்ப் அடித்தால் பெரும்பாலும் பிடிக்கும். நுனி காய்ந்துபோய் வந்தால் பெற்றோலே வரவில்லை. அந்த நிலையில் தங்கத்தில் சிடிஐ செய்து பூட்டினாலும் வண்டி ஓடாது.

அடுத்தது பொறி. கழற்றிய பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் மரைப் பகுதியை எஞ்சின் இரும்பில் முட்டவைத்து ஒருவர் பிடிக்க, மற்றவர் செல்ப் அடிக்க வேண்டும். பிடிக்கிறவர் தொப்பியின் ரப்பரில் மட்டும் பிடிக்க வேண்டும். பிளக் துவாரத்துக்கு நேரே வைக்கவே கூடாது, அதற்குள்ளிருந்து பெற்றோல் ஆவி வரும். நிழலில் நின்று பார்த்தால் நீலப் பொறி டிக் டிக்கென்று பாய்வது தெரியும். அப்படிப் பாய்ந்தால் சிடிஐ உயிரோடு இருக்கிறது, அந்தத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவழியில் படாரென்று நின்றிருந்தால் நானும் முதலில் மின்சாரப் பக்கம்தான் பார்த்திருப்பேன். உங்களுடையது சும்மா நின்ற வண்டி. என் சந்தேகம் பெற்றோல் பாதையில். காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் ஆணி இருக்கும். கீழே கண்ணாடிப் போத்தல் வைத்து அதைத் தளர்த்துங்கள். அடியில் முத்து முத்தாகத் தனியே உருண்டு நிற்பது தண்ணீர், மேலே நிற்பது பெற்றோல். ஒன்றுமே வடியாவிட்டால் கிண்ணம் வெறுமை.

வெறுமை என்றால் இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள், பலர் கோட்டைவிடும் இடம் இது. இந்த ரக ஸ்கூட்டர்கள் பலவற்றில் தாங்கியின் பெற்றோல் வால்வைக் கையால் திறக்க முடியாது. எஞ்சின் சுற்றும்போது உறிஞ்சும் காற்றின் இழுப்பில்தான் அது திறக்கும். அந்த இழுப்பைக் கொண்டுபோவது ஒரு மெல்லிய கறுப்பு ரப்பர் குழாய். அது வெடித்தாலோ கழன்றாலோ தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தும் கீழே ஒரு சொட்டு இறங்காது. எஞ்சின் பக்கத்தில் அதைக் கழற்றி, மருந்துக்கடையில் வாங்கும் சிரிஞ்சை ஊசியில்லாமல் மாட்டி இழுங்கள். காபரேற்றருக்குப் போகும் பெற்றோல் குழாயையும் கழற்றிப் போத்தலுக்குள் விட்டிருந்தால் உடனே பெற்றோல் கொட்ட வேண்டும். வாயால் உறிஞ்ச வேண்டாம். அந்த வால்வுக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடு கிழிந்திருந்தால் பெற்றோல் நேரே தொண்டைக்குப் போகும். சிரிஞ்சுக்குள் பெற்றோல் வந்தால் தகடு கிழிந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

தாங்கி மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைத்தாலும் இதே கூத்துத்தான். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

தீவான்:

ஐயா சொன்னதில் ஓரிடத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். செல்ப் சுற்றுகிறது என்பதற்காகப் பற்றரியை மறந்துவிடாதீர்கள். சில மாடல்களில் சிடிஐக்கு மின்சாரமே பற்றரியிலிருந்துதான் போகிறது. பற்றரி தளர்ந்திருந்தால் செல்ப் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், பொறிக்கு மிஞ்சாது. மீற்றர் இருந்தால் செல்ப் அடிக்கும்போதே அளந்து பாருங்கள். 12 வோல்ற் பற்றரி 9 க்குக் கீழே விழுந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் சிடிஐயைக் குறை சொல்ல வேண்டும்.

இன்னொன்று, சைலன்சரின் வாயைப் பாருங்கள். வேலணையில் எங்கள் வீட்டில் நின்ற வண்டிக்குள் குளவி மண்கூடு கட்டி அடைத்துவிட்டது. புகை போக வழியில்லாமல் எஞ்சின் எப்படிப் பிடிக்கும்?

எப்ஐ வண்டி (காபரேற்றருக்குப் பதிலாகப் பம்ப் மூலம் பெற்றோலைப் பீச்சும் வண்டி) வைத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் காபரேற்றரைத் தேட வேண்டாம். அதில் திறப்பைப் போட்டதும் தாங்கிப் பக்கம் பம்ப் சிறிது நேரம் இரைந்து அடங்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் பியூஸிலிருந்து தொடங்குங்கள்.

வாணி (கோண்டாவில்):

ஐயா, சனிக்கிழமை மழை விட்டதும் அப்பாவும் நானும் இறங்கினோம். பிளக் எலும்புபோல் காய்ந்து வந்தது. அப்பா தொப்பியைப் பிடிக்க நான் செல்ப் அடித்தேன். வேப்பமர நிழலிலேயே நீலப் பொறி தெளிவாகத் தெரிந்தது. பற்றரியை அளக்க மீற்றர் கிடைக்கவில்லை, பொறி வந்தபடியால் விட்டுவிட்டோம். சைலன்சரில் குளவி இல்லை.

வடிகால் ஆணியைத் தளர்த்தினால் பழைய வார்னிஷ் மணத்தோடு ஒன்றிரண்டு சொட்டுத்தான். பிறகு அந்தக் கறுப்புக் குழாயைத் தேடிப் பிடித்தேன். மேலே இருந்து பார்க்க முழுதாகத்தான் இருந்தது. விரலால் தடவி வந்தபோது, சட்டத்துக்குப் பின்னால் மடியும் இடத்தில் நகம் உள்ளே போனது. எலி கரும்பிவிட்டது. பக்கத்தில் வயர் ஒன்றிலும் பல் அடையாளம், நல்லகாலம் செம்பு தெரியவில்லை. படங்குக்கு அடியில் சூடாகப் படுத்திருந்து சாப்பாட்டையும் அங்கேயே முடித்திருக்கிறார்.

அந்தக் கறுப்புக் குழாயைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சை வால்வின் முனையில் நேரே மாட்டி இழுத்ததும் பெற்றோல் போத்தலுக்குள் கொட்டியது. சிரிஞ்சுக்குள் வரவில்லை. டவுனில் ஒரு முழத் துண்டுக் குழாய் வாங்கி வெட்டிப் போட்டோம். தாங்கி மூடியையும் பார்த்தோம், துவாரம் சரி. கிண்ணம் நிரம்பும்வரை கொஞ்ச நேரம் அடிக்க வேண்டியிருந்தது, பிறகு பிடித்துவிட்டது. குழாயின் விலையைச் சொன்னால் அந்தக் கராஜ் தம்பி வெட்கப்படுவார், ஆகவே சொல்லவில்லை.

இரண்டு கேள்வி. தாங்கியில் கார்த்திகையில் அடித்த பெற்றோலை அப்படியே ஓடலாமா? குளிர்ந்த நேரத்தில் ஐடிலில் (அக்சிலேற்றரை விட்ட நிலையில்) நிற்காமல் அணைகிறது, அது ஏன்?

பழைய ஸ்பானர் (கொக்குவில்):

கெட்டித்தனம். புதுக் குழாயின் இரண்டு முனையிலும் கிளிப் போட்டீர்களா? பழைய கிளிப் தளர்ந்திருந்தால் அந்த வழியாக வெளிக்காற்று இழுபட்டு ஐடில் நிற்காது. முதலில் அதைப் பாருங்கள். கிளிப் சரியென்றால் காபரேற்றரில் ஐடிலுக்குரிய சின்ன ஜெற்றில் (பெற்றோல் வரும் நுண்துளையில்) அந்த வார்னிஷ் காய்ந்து அடைத்திருக்கும். கழற்றிக் காற்றடித்துக் கழுவ வேண்டும். ஊசி, கம்பி எதையும் விட்டுக் குடைய விடாதீர்கள், துவாரம் பெருத்தால் பிறகு பெற்றோல் குடிக்கத் தொடங்கிவிடும். அதுவும் சரியாகி, காலையில் மட்டும் அடம்பிடித்தால் வால்வு இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

தாங்கியில் உள்ளது மூடியிருந்த பெற்றோல், கெட்ட மணம் இல்லாவிட்டால் மேலே புதிதாக நிரப்பி ஓடலாம். போத்தலில் வடித்ததை மட்டும் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். நமக்குக் கீழே சுண்ணாம்புக்கல், ஊற்றியது நேரே தண்ணீருக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். கராஜில் கொடுத்தால் சாமான் கழுவ எடுப்பார்கள்.

பல் பட்ட வயரில் இன்றைக்கே இன்சுலேஷன் ரேப் சுற்றுங்கள்.