தைக்கத் துணி தேடுகிறவர்களுக்கு: துணிக்கடைக்குக் கடைசியாகப் போங்கள்

"மிஷின் வாங்கிவிட்டேன் அக்கா, ஆனால் இங்கே துணி விற்கிற விலைக்கு ரெடிமேடாகவே எடுத்துவிடலாம் போலிருக்கிறது" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அந்த ஏமாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டுக்கு வந்த புதிதில் நானும் நேராகப் போய் நின்றது ஒரு பெரிய கைவினைப் பொருள் கடையில்தான். அப்படிப்பட்ட கடைகளில் துணியைப் பொழுதுபோக்குப் பொருளாகத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டில் உடுத்த நாலு உடுப்பு தைப்பவரை நினைத்து அங்கே விலை போடுவதில்லை. அதனால் துணிக்கடை எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். துணி எங்கே மிஞ்சிக் கிடக்கிறது என்று தேடுங்கள்.

முதலில் பழைய பொருள் கடைகள். தொண்டு அமைப்புகள் நடத்தும் கடைகளில் உடுப்புப் பகுதியைத் தாண்டி, படுக்கை விரிப்புகளும் திரைச்சீலைகளும் அடுக்கியிருக்கும் மூலைக்குப் போங்கள். அமெரிக்க அளவில் ஒரு கிங் சைஸ் விரிப்பு ஏறத்தாழ 108 அங்குல அகலம், 102 அங்குல நீளம் இருக்கும். 44 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், கணக்குப் போட்டால் இது 6 மீட்டருக்கும் மேல். மூலைகளில் எலாஸ்டிக் வைத்தது வேண்டாம், தட்டையான மேல்விரிப்பாக எடுங்கள். கனமான போர்வைக்கு மாட்டுகிற உறை கிடைத்தால் விடவே விடாதீர்கள். தையலைப் பிரித்தால் இரண்டு முழு விரிப்பு.

எடுத்ததும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஆள் படுத்துப் படுத்து நடுப்பகுதி வலைபோலத் தேய்ந்திருக்கும். ஓரங்கள் புதுத் துணி போலவே கெட்டியாக இருக்கும். ஜாக்கெட்டுக்கும் குழந்தைச் சட்டைக்கும் அந்த ஓரமே போதும். ஓரத் தையலில் சின்ன லேபிள் இருந்தால் படியுங்கள். நூறு சதவீதம் பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்று அதில் இருக்கும். தையல் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள், அது மூட்டைப்பூச்சியின் அடையாளம். சுத்தமாகத் தெரிந்தாலும் வீட்டுக்கு வந்ததும் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்த பிறகே அலமாரியில் வையுங்கள்.

நூல் எண்ணிக்கை அதிகம் என்று பெருமையாகப் போட்டிருக்கும் விரிப்புகள் மிக நெருக்கமாக நெய்தவை. பழைய ஊசி அதில் இறங்காது, தையல் தாண்டித் தாண்டி விழும். 70/10 எண்ணில் புது ஊசி மாட்டுங்கள்.

அடுத்தது கட்பீஸ். பெரும்பாலான துணிக்கடைகளில், துணிச் சுருளின் கடைசியில் ஒரு மீட்டருக்குக் குறைவாக மிஞ்சியதைச் சுருட்டி ஒரு கூடையில் போட்டு வைப்பார்கள். அந்தக் கூடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், மற்றதில் கை வைக்கக் கூடாது. கல்யாண உடுப்பு தைப்பவர்கள், திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர்கள், நாடகத்துக்கு உடை தயாரிப்பவர்கள் ஆகியோரிடமும் வெட்டியது போக மிஞ்சும். நேரில் போய் மரியாதையாகக் கேட்டால் பலர் கொடுத்துவிடுவார்கள். தையலை விட்டுவிட்டவர்கள் பெட்டி பெட்டியாகச் சேர்த்த துணியைக் கொடுத்துத் தீர்க்கும் அக்கம்பக்கக் குழுக்களும் உண்டு. எனக்கு ஜிப்பும் பட்டனும் வருடக்கணக்கில் அப்படித்தான் கிடைத்தன.

குடியேறியவர்கள் அதிகம் வாழும் பகுதிகளையும் ஒரு சுற்று சுற்றுங்கள். ஆப்பிரிக்க மெழுகு அச்சுத் துணிகளைப் பெரும்பாலும் 6 கெஜத் துண்டாகவே விற்பார்கள். அசல் பருத்தி என்றால் சுடிதாருக்கும் பாவாடைக்கும் அருமையாக நிற்கும். துண்டாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் இன்னும் லாபம்.

இணையத்தில் வாங்குவதானால் அளவுதான் கண்ணி. ஒரு கெஜம் 91.44 செ.மீ., மீட்டரைவிடக் கிட்டத்தட்ட எட்டரை செ.மீ. குறைவு. அதைவிடப் பெரிய விஷயம், சில விற்பனையாளர்கள் அரை கெஜத்தை ஓர் அலகாக வைத்திருப்பது. ஒரு டாப்புக்கு என்று நான் எண்ணிக்கையில் 3 போட்டேன். வந்தது ஒன்றரை கெஜம், அதாவது 1.37 மீட்டர். கை வைக்கத் துணி இல்லை. விவரத்தைத் தேடிப் படித்தால் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து விலையைப் பார்க்கும் முன்பு அலகு, பன்னா இரண்டையும் தாளில் எழுதிக்கொள்கிறேன். 44 அங்குலத்துக்கும் 60 அங்குலத்துக்கும் ஒரே விலை என்றால் இரண்டாவதுதான் மலிவு. துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் குவில்ட் போர்வைக்குப் பின்புறம் வைப்பதற்கென்றே 108 அங்குலப் பன்னாவில் பருத்தி விற்கிறார்கள். மீட்டர் விலை கூடுதலாகத் தெரியும், பரப்பைக் கணக்கிட்டால் பல சமயம் குறைவாகவே வரும்.

இப்போது பலரும் கேட்கிற லைனிங். இதை நிதானமாகப் படியுங்கள். கடையில் "லைனிங்" என்று கேட்டால் வழவழவென்று பாலியஸ்டரையோ அசிடேட்டையோதான் காட்டுவார்கள். அது கோட்டுக்கு உள்ளே வைப்பது. வியர்வையை உறிஞ்சாது, வெயில் நாளில் உடம்பில் ஒட்டும். ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கும் மெல்லிய பருத்திக்கு அங்கே வேறு பெயர்கள்: லான் (lawn), வாயில் (voile), பட்டீஸ்ட் (batiste). இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். வெளுக்காத சாதாரணப் பருத்தியான காடாத்துணிக்கும் இதே பெயர்க் குழப்பம். அமெரிக்காவில் மஸ்லின் என்பார்கள், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கேலிகோ என்பார்கள். பிரிட்டனில் மஸ்லின் என்று கேட்டால் குழந்தை துடைக்கிற மாதிரி கண்ணி கண்ணியான மெல்லிய துணி வரும். புது வெட்டு ஒன்றை முதலில் மலிவுத் துணியில் தைத்துப் பார்க்கக் காடாவைப் போல வேறில்லை, அதனால் இந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

லேபிளே இல்லாத கட்பீஸ் என்ன நூல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தில் நாலைந்து நூலை உருவி, சாமணத்தில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிடும். பட்டும் கம்பளியும் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். கலப்பு நூல் என்றால் எரியவும் செய்யும், உருகவும் செய்யும். வாடகை வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும், ஆகவே இதை வெளியே, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கடைசியாக, வெட்டுவதற்கு முன் துவைப்பது. இதைப் புதிதாக வந்தவர்கள் ஏன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றால், கொடியில் காயப்போட்டுப் பழகிய நாம் இங்கே டிரையரில் போடுகிறோம். அந்தச் சூட்டில் பருத்தி நன்றாகவே சுருங்கும். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே 36 அங்குல மார்பளவு 34 சொச்சம் ஆகிவிடும். தைத்த உடுப்பை எப்படித் துவைத்துக் காயவைக்கப் போகிறீர்களோ, துணியையும் அப்படியே ஒருமுறை துவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அதற்குப் பிறகு கத்தரி எடுங்கள். வாங்கும்போதே மீட்டருக்கு ஐந்து, பத்து செ.மீ. கூட்டி வாங்குங்கள். அடர்ந்த நிறமென்றால் முதல் துவைப்பில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைச் சேர்த்துப் போடுங்கள். அது நிறம் மாறி வந்தால் இன்னொரு முறை அலசிவிட்டு வெட்டலாம்.