பீட்டில்ஸ் எல்பியில் ஒரு காதில்தான் பாட்டு கேட்கிறது. பழுதா?

மில்காரர் மகன் (கோவை):

அப்பாவுக்குப் போன மாதம் 75 முடிந்தது. பரணில் 30 வருஷமாகக் கிடந்த எல்பி பெட்டியை இறக்கித் துடைத்து, புதிதாக ஒரு டர்ன்டேபிளும் ஆம்ப்ளிஃபயரும் ஹெட்போனும் வாங்கிக் கொடுத்தேன். ஸ்பீக்கர் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. சீரியல் நேரத்தில் வீட்டில் வேறு சத்தம் எழும்பக் கூடாது.

அப்பா முதலில் எடுத்தது பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்'. 1974இல் மில் போனஸில் வாங்கியதாம். சூட்கேஸ் மாதிரி மூடி போட்ட எச்.எம்.வி. பெட்டி ஒன்று வைத்திருந்தார், ஒரே ஒரு ஸ்பீக்கர். அதில்தான் இதைத் தேயத் தேயக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு ஊசியை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏன்டா, பாடறவனுங்க எல்லாம் எங்கடா போனானுங்க?" என்றார்.

அவருக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வடிந்து போன காது. சரி என்று நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். குரல் முழுக்க வலது பக்கம். கிடார், ட்ரம்ஸ் எல்லாம் இடது பக்கம். நடுவில் ஒன்றுமே இல்லை. 'நோவேர் மேன்' பாட்டு தொடங்கும்போது மூன்று பேர் வாத்தியம் இல்லாமல் சேர்ந்து பாடுவார்கள் இல்லையா, அந்த இடத்தில் இடது காதில் வெறும் சரசரப்புதான். அப்பாவுக்கு அந்தப் பாட்டு தொடங்கவே இல்லை.

இளையராஜா எல்பி ஒன்றைப் போட்டால் குரல் ஒழுங்காக நடுவில் வருகிறது. வாங்கிய கடையில் கேட்டேன், "மெஷின் ஃபால்ட் சார், கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம்" என்கிறார்கள். மாற்றுவதா? இல்லை, ரெக்கார்டு தேய்ந்துவிட்டதா? லேபிளில் 'பி.சி.எஸ். 3075, ஸ்டீரியோ' என்று இருக்கிறது. கல்கத்தா தம்தம்மில் அச்சானது.

ஊசிமுனை:

கார்ட்ரிட்ஜின் (ஊசி மாட்டியிருக்கிற தலை) பின்னால் நாலு ஒயர் இருக்கும்: வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை. அதில் ஒரு ஜோடி மாறியிருந்தால் ஃபேஸ் புரண்டுவிடும், அதாவது ஒரு பக்கத்து சத்த அலை தலைகீழாகிவிடும், நடுவில் இருக்க வேண்டிய குரல் காணாமல் போகும். ஒரு சின்ன இடுக்கியால் கழற்றி மாட்டிப் பாருங்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை.

டேப்புக்கடை (திருச்சி):

தம்பி, இடுக்கியைக் கீழே வையுங்கள். மெஷின் நன்றாக இருக்கிறது. ரெக்கார்டும் நன்றாக இருக்கிறது. ஊசிமுனை சொன்னது தப்பான யோசனை இல்லை, ஆனால் ஃபேஸ் புரண்டிருந்தால் இளையராஜாவும் சேர்ந்து புரண்டிருப்பார்.

இந்த விஷயத்தை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டவன். 1982லிருந்து 14 வருஷம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருகிற கடை. தொண்ணூறு சதவீதம் சினிமாப் பாட்டு. காலேஜ் பையன்களுக்காக ஒரே ஒரு ரேக்கில் இங்கிலீஷ் ரெக்கார்டுகள். ஒரு பையன் 90 நிமிஷ டிடிகே கேசட் கொண்டுவந்து, ஒரு பக்கம் 'ரப்பர் சோல்', இன்னொரு பக்கம் 'ஹெல்ப்' என்று கேட்டான். அன்றைக்கு முகூர்த்த நாள். கல்யாண வீட்டுக்காரர்கள் கடையை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் ஹெட்போன் மாட்டவில்லை. மீட்டரில் ஒரு முள் மட்டும் ஆடியதை ஒரு தடவை பார்த்தேன், முள்தான் ஒட்டிக்கொண்டது என்று தட்டிவிட்டேன்.

மறுநாள் பையன் வந்து கவுன்டரில் கேசட்டை வைத்து, "அண்ணே, பாட்டுல பாட்டே இல்லண்ணே" என்றான்.

போட்டுக் கேட்டேன். பேஸ், ட்ரம்ஸ், கிடார் எல்லாம் கணீரென்று இருக்கிறது. குரல் மட்டும் கிணற்றுக்குள் யாரோ பாடுவது மாதிரி அடியில் லேசாகக் கேட்கிறது. டெக்கின் பின்னால் வலது பக்க ஆர்சிஏ ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதாவது அந்த ரெக்கார்டின் இடது பாதியை மட்டும் பதிந்து கொடுத்திருக்கிறேன். வேறு எந்த ரெக்கார்டாக இருந்தாலும் சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. மாட்டிவிட்டது இந்த ஒரே ரெக்கார்டு. காசு வாங்காமல் வேறு கேசட்டில் பதிந்து தந்தேன். அந்தப் பாட்டில்லாப் பாட்டைத் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டான். கிடார் பழக நல்லா இருக்காம்.

சரி, ஏன் இப்படி? பீட்டில்ஸ் 1963இல் வெளியிட்ட முதல் இரண்டு ஆல்பமும் இரண்டே டிராக் (தனித்தனியாகப் பதிகிற தடம்) உள்ள டேப்பில் பதிந்தவை. ஒன்றில் வாத்தியம், இன்னொன்றில் குரல். வலம் இடம் என்று பிரித்துக் கேட்பதற்காக அப்படிச் செய்யவில்லை. பின்னால் இரண்டையும் கலந்து மோனோவாக, அதாவது எல்லாம் ஒரே சேனலில் வருகிற மாதிரி, ஆக்கும்போது குரலை எவ்வளவு தூக்குவது, எவ்வளவு இறக்குவது என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்குக் கை இருக்க வேண்டும், அதற்காக. அன்றைக்கு பிரிட்டனில் பாப் பாட்டு கேட்ட பிள்ளைகளிடம் இருந்தது ஒரு ஸ்பீக்கர் பெட்டிதான், உங்கள் அப்பாவிடம் இருந்த மாதிரி. ரேடியோவும் மோனோ. ஸ்டீரியோ என்பது வசதியான வீடுகளில் கிளாசிக்கல் கேட்கிறவர்களுக்கு. ஆகவே உழைப்பெல்லாம் மோனோ மிக்ஸில் போகும். ஸ்டீரியோ, பந்தி முடிந்த பிறகு சமையல்காரருக்குப் போடுகிற இலை மாதிரி.

1963 அக்டோபரில் பீட்டில்ஸுக்கு நாலு டிராக் மெஷின் கிடைத்துவிட்டது. 'ரப்பர் சோல்' 1965 டிசம்பரில் வெளியானது, நாலு டிராக்கில் பதிந்ததுதான். ஆனாலும் ஸ்டீரியோ மிக்ஸில் குரலைப் பெரும்பாலும் வலது ஓரத்துக்கும் தாளக்கட்டை இடது ஓரத்துக்கும் தள்ளிவிட்டார்கள். ஹால் நடுவில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் காற்றில் கலந்துவிடும், பெரிதாக உறுத்தாது. ஹெட்போன் மாட்டினால்தான் பாகப்பிரிவினை தெரியும்.

லேபிளில் உள்ள எழுத்தைச் சொன்னீர்களே, அதுதான் சாட்சி. பீட்டில்ஸ் ரெக்கார்டுகளை வெளியிட்ட பார்லஃபோன் லேபிளில் பி.எம்.சி. என்றால் மோனோ, பி.சி.எஸ். என்றால் ஸ்டீரியோ. இதே ஆல்பத்தின் மோனோ நம்பர் பி.எம்.சி. 1267. அப்பா வாங்கியது ஸ்டீரியோ ரெக்கார்டு, ஆனால் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டதால் அவருக்கு அது மோனோவாகவே பழகியிருக்கிறது.

என்ன செய்யலாம்: ஆம்ப்ளிஃபயரில் 'மோனோ' பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அமுக்குங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் ரேடியோ கடைக்காரர் யாரிடமாவது சொல்லி, இரண்டு சேனல் ஒயரிலும் ஒவ்வொரு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு ஒன்றாக்கி வாங்குங்கள். ஒயரை அப்படியே முறுக்கிச் சேர்க்காதீர்கள், டர்ன்டேபிளுக்குள் ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வருகிற சன்னமான சிக்னலைப் பெருக்குகிற சர்க்யூட்) இருந்தால் ஒன்றின் தலையில் ஒன்று ஏறும். அப்பா ஃபோனில் கேட்பவர் என்றால் அதில் செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதியில் 'மோனோ ஆடியோ' இருக்கும், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும். ஒரு காது கேட்காதவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், யாரும் சொல்வதில்லை.

பேஸ்கிடார் அக்கா:

டேப்புக்கடை அண்ணே, ஒரு எதிர்வாதம். மோனோதான் அசல், ஸ்டீரியோ எச்சில் இலை என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நான் பேஸ் பழகியதே அந்தக் கழன்ற ஒயர் முறையில்தான். வலது இயர்போனைக் கழற்றிவிட்டு இடது பக்கத்தை மட்டும் கேட்பேன். பீட்டில்ஸில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னி, ஹாஃப்னர் கம்பெனி பேஸோடு ரிக்கன்பேக்கர் பேஸையும் கையில் எடுத்த சமயம் அது. 'டிரைவ் மை கார்' பாட்டில் பேஸும் கிடாரும் ஒரே வரியை ஒட்டிக்கொண்டு போவது மோனோவில் எனக்கு ஒரு கட்டியாகத்தான் கேட்டது. பிரித்துப் போட்டதால்தான் எந்த விரல் எங்கே போகிறது என்று பிடிபட்டது. அந்த ஸ்டீரியோவை அவசரத்தில் செய்திருக்கலாம், ஆனால் எனக்கு அதுதான் வாத்தியார்.

டேப்புக்கடை (திருச்சி):

ஒத்துக்கொள்கிறேன் அக்கா. அந்தக் காலேஜ் பையனும் உங்கள் கட்சிதான்.

மில்காரர் மகன் (கோவை):

ரொம்ப நன்றி அண்ணே. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் பொடி எழுத்தில் மோனோ சுவிட்ச் இருக்கிறது! மேனுவலில்கூட ஒரு வரிதான் போட்டிருக்கிறான். இன்னொரு சந்தேகம். சுவிட்சைப் போட்டுக் கேட்பதும், பி.எம்.சி. ரெக்கார்டைத் தேடி வாங்கிக் கேட்பதும் ஒன்றுதானா?

டேப்புக்கடை (திருச்சி):

இல்லை. இங்கேதான் பைத்தியம் பிடிக்கும், ஜாக்கிரதை.

மோனோவும் ஸ்டீரியோவும் தனித்தனியாகக் கலந்தவை, வேறு வேறு நாளில், சில சமயம் வேறு டேக்கிலிருந்து (அதே பாட்டை இன்னொரு தடவை பாடிப் பதிந்தது). 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டின் ஸ்டீரியோவில் கடைசிச் சரணத்தில் ஜான் லெனன் வரியைத் தப்பாகப் பாடிவிட்டு அடுத்த வரியில் சிரிப்பை அடக்கப் பார்ப்பார். மோனோவில் அந்தத் தப்பு கிடையாது. எனக்கென்னவோ தப்புதான் பிடிக்கும். 'ஷி இஸ் லீவிங் ஹோம்' மோனோவில் கொஞ்சம் வேகம், சுருதியும் ஏறியிருக்கும். ஸ்டீரியோவில் இழுவையாக இருக்கும், வீட்டை விட்டுப் போகிற பெண்ணுக்கு பஸ் கிடைக்காத மாதிரி. 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில் அடங்கி, திரும்ப எழுந்து, விரலெல்லாம் கொப்புளம் என்று ட்ரம்ஸ் வாசித்த ரிங்கோ கத்துவதோடு முடியும். மோனோவில் அடங்கினால் அடங்கியதுதான், ரிங்கோவுக்குக் கொப்புளமே இல்லை.

1967இல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்துக்கு நாலு பேரும் கூடவே இருந்து மோனோ மிக்ஸைச் செய்தார்கள். ஸ்டீரியோவை ஸ்டூடியோக்காரர்கள் சில நாளில் முடித்துவிட்டார்கள். 1968இன் வெள்ளை ஆல்பத்துக்குப் பிறகு ஆல்பங்களுக்குத் தனி மோனோ மிக்ஸ் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். 1969இல் 'ஆபி ரோடு' ஸ்டீரியோ மட்டும்தான். அதை மட்டும் சுவிட்சைத் தள்ளிவிட்டு இரண்டு பக்கமும் கேளுங்கள்.

மோனோ வேண்டும் என்றால் பழைய பி.எம்.சி. தேடி அலைய வேண்டாம், விலை கேட்டால் போனஸ் பத்தாது. 2009இல் மோனோ சிடி பெட்டி வந்தது, 2014இல் அசல் டேப்பிலிருந்து மோனோ எல்பிகளும் வந்தன. சிடியில் ஒரு சின்னச் சிக்கல்: 1987இல் 'ஹெல்ப்', 'ரப்பர் சோல்' இரண்டையும் ஜார்ஜ் மார்ட்டினே புதிதாக ஸ்டீரியோ மிக்ஸ் செய்து கொடுத்தார், கடையில் கிடைக்கிற ஸ்டீரியோ சிடியில் இருப்பது அதுதான். அப்பாவின் தம்தம் ரெக்கார்டில் இருப்பது 1965 மிக்ஸ். இரண்டையும் வைத்துக்கொண்டு யாராவது உங்களிடம் சண்டைக்கு வந்தால் இரண்டு பேருமே சரி.

சுவிட்சுக்கே வருவோம். அதில் ஒரு உபரி லாபம்: தேய்ந்த ரெக்கார்டின் கரகரப்பு ஓரளவு குறையும். ஊசி மேலும் கீழும் குதிப்பதால் வருகிற சத்தம் இரண்டு சேனலையும் சேர்க்கும்போது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

மில்காரர் மகன் (கோவை):

நேற்று ராத்திரி சுவிட்சைப் போட்டுக் கொடுத்தேன். முதல் பக்கம் முழுக்கக் கேட்டார். 'நோவேர் மேன்' தொடக்கத்தில் கையை லேசாகத் தூக்கி வைத்திருந்தார், ட்ரம்ஸ் வந்ததும் தொடையில் தட்டினார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே சத்தமாக, அடுத்த ரூமில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாடறவனுங்க வந்துட்டானுங்க. ஆனா இப்ப அந்த பேஸ் முன்ன மாதிரி தனியாத் தெரியலயே. திருப்பிப் போடுறா."