முள் சிலந்தியைக் கண்டால் முதுகோடு நிறுத்திவிடாதீர்கள்

உடலைச் சுற்றி முள் நீட்டிக்கொண்டிருக்கும் முள் சிலந்தியைப் பார்த்தவர்கள் இந்தக் குழுவில் எழுதுவதைப் படித்தால் ஒரு கேள்வி மறுபடி மறுபடி வருகிறது: "இந்த நிறத்தில் பார்த்ததே இல்லை, புது இனமாக இருக்குமோ?" ஆசை நியாயமானதுதான். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. அதற்கு நான் கண்ட நல்ல சான்று, ஒரே வேலியில் பக்கத்துப் பக்கத்தில் வலை கட்டியிருந்த இரண்டு பெண் சிலந்திகள்.

ஒன்றுக்கு வெள்ளை உடல், சிவப்பு முட்கள். மற்றதற்கு மஞ்சள் உடல், கறுப்பு முட்கள். முதன்முறை பார்க்கிற யாரும் இரண்டு இனம் என்றுதான் சொல்வார்கள். கைலென்ஸை வைத்து முதுகிலுள்ள கரும்புள்ளிகளைப் பார்த்தேன். அவை வெறும் புள்ளிகள் இல்லை, உள்ளே தசைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னக் குழிகள். ஓரங்களில் வரிசையாகவும், நடுவில் நான்கு சரிவக வடிவிலும் இருக்கும். இரண்டிலும் அதே அமைப்பு. வயிற்றின் அடிப்பக்கத்தில் இனப்பெருக்கத் துளையை மூடியிருக்கும் எபிகைன் என்ற, இனத்தை அடையாளம் காண உதவும் தகடும் அச்சு மாறாமல் அப்படியே இருந்தது. இரண்டுமே காஸ்டராகாந்தா கேன்கிரிஃபார்மிஸ்தான்.

1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்த இனம் அது. அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து அர்ஜென்டினா வரை பரவியிருக்கிறது. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என எல்லா நிறத்திலும் வரும். பழைய காலத்தில் நிறத்தையும் முள்ளையும் பார்த்தே தனித்தனிப் பெயர்கள் வைத்தார்கள், பின்னால் அவற்றில் பல இந்த ஒரே பெயருக்குள் சேர்க்கப்பட்டன. 2020-இல் கரீபியத் தீவுகளின் மாதிரிகளை வைத்து மரபணு ஆய்வு ஒன்று வந்தது. நிறமும் முட்களின் எண்ணிக்கையும் மரபணு காட்டும் உறவுக் கிளைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதே அதன் முடிவு. அதைப் படித்தபோது அந்த வேலிதான் கண்முன் வந்தது.

அதற்காக முட்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எந்தப் பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த எந்தத் தொகுதி, என்று ஊகிக்க அவை நல்ல வழிகாட்டி. காஸ்டராகாந்தா பெண்களுக்குப் பெரும்பாலும் மூன்று ஜோடி முட்கள் இருக்கும், உடல் நீளத்தைவிட அகலம் அதிகம். ஆசியாவில் இருக்கிற மாக்ராகாந்தா ஆர்குவாட்டாவைப் பார்த்தால் சந்தேகமே வராது, நடு ஜோடி முட்கள் உடலைவிடப் பல மடங்கு நீண்டு கொம்பு போல உள்நோக்கி வளைந்திருக்கும். தெலகாந்தா பிரெவிஸ்பைனாவில் முட்கள் குட்டையான மேடுகளாகத் தெரியும். அமெரிக்கக் கண்டங்களின் மைக்ராத்தீனாவுக்கும் முள் உண்டு, ஆனால் அது வேறு பேரினம். முள் இருப்பதாலேயே எல்லாம் நெருங்கிய சொந்தம் ஆகிவிடாது.

புது இனம்தான் என்று தோன்றினால் என்ன செய்யலாம்? உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் படமெடுத்துவிடுங்கள். ஆல்கஹாலில் போட்டபின் மஞ்சளும் சிவப்பும் வெளிறிவிடும். பழைய மாதிரிகளின் நிற விவரங்களை அப்படியே நம்ப முடியாததும் இதனால்தான். அப்புறம், முதிர்ந்த பெண் தேவை. குஞ்சிலும் இளசிலும் எபிகைன் முழுதாக உருவாகியிருக்காது. ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களின் மூல மாதிரிகளோடு (பெயர் வைக்க ஆதாரமாக எடுத்துக்கொண்ட மாதிரிகள்) ஒப்பிட வேண்டும், புதிய இனத்துக்கான மூல மாதிரியை அருங்காட்சியகம் போன்ற ஒரு சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் ஒரு பெயர் நிலைக்க வேண்டும் என்றால் இதெல்லாம் அவசியம்.

வலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில இனங்களில் நூலின் மேல் இடைவெளி விட்டு வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள் தெரியும். பறவைகள் வலையைக் கவனித்து ஒதுங்குவதற்காக என்று ஒரு கருத்து உண்டு. எனக்கு அவை வேறு விதத்தில் உதவுகின்றன: தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடுவதால் வலையைக் கிழிக்காமல் நெருங்க முடிகிறது.

அதே வலையின் ஓரத்தைத்தான் பெரும்பாலோர் பார்க்காமல் வந்துவிடுகிறோம். ஆண் சிலந்தி சில சமயம் அங்கேதான் இருக்கும். கேன்கிரிஃபார்மிஸில் பெண் உடலின் அகலம் 10 முதல் 13 மில்லிமீட்டர், ஆணின் உடல் நீளமே 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். அதற்குப் பெண்ணைப் போல நீண்ட முட்களும் கிடையாது. கறுப்பாக ஒரு தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். ஆனால் இனத்தை உறுதிப்படுத்த அதன் உணர்கால் (வாயருகே குட்டிக் கால் போல இருக்கும் உறுப்பு) நுனி எவ்வளவோ சொல்லும். இங்கே பெண்ணின் படங்கள் ஏராளமாக வந்துவிட்டன. யாராவது ஆணைப் பார்த்திருந்தால், உணர்கால் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்களேன்.