எலெக்ட்ரிக் கிட்டாரில் டியூனிங் கீ மாற்ற வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

குழித்துறை_ஆறுகம்பி:
அண்ணன்மாரே, என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவத்தில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார், மாமா மகன் கல்ஃபுக்குப் போகும்போது கொடுத்தது. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆறு கீயும் ஒரே பக்கம். சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது, ஒரு பாட்டு முடிவதற்குள் ஜி கம்பி இறங்கிவிடுகிறது. கீயைப் பிடித்து அசைத்தால் லொடலொடவென்று ஆடுகிறது, பின்மூடி எல்லாம் துரு. சர்ச்சில் கேரல் பயிற்சி ஆரம்பித்துவிட்டார்கள். புது கீ செட் போட்டுவிடலாம் என்று ஆன்லைனில் பார்த்தால் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை கிடக்கிறது, எதை எடுப்பது என்றே தெரியவில்லை. மரத்தில் புதிதாகத் துளை போட வேண்டி வருமா? கம்பி மாற்றத் தெரியும், அதற்கு மேல் எதையும் கழற்றியதில்லை.

வடசேரி_பேஸ்:
தம்பி, வாங்குவதற்கு முன் கோளாறு கீயில்தானா என்று பார்த்துவிடு. கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளம் வைத்த துண்டு இருக்கிறதே, அந்த நட்தான் பாதிப் பேருக்குக் குற்றவாளி. ஜி கம்பியைச் சரியாக டியூன் செய், நன்றாக இழுத்து ஒரு பெண்ட் அடி, சுருதி இறங்கியிருக்கும். இப்போது நட்டுக்கும் கீக்கும் நடுவில் அந்தக் கம்பியை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டுப் பார். சுருதி பழையபடி ஏறிவிட்டால் கம்பி நட் பள்ளத்தில் சிக்குகிறது, கீயை மாற்றினாலும் அதே கதைதான். கீயைத் திருகும்போது 'டிங்' என்று சத்தம் வந்தாலும் இதே காரணம். மெல்லிய பென்சிலைப் பள்ளத்தில் தேய்த்து விடு, அந்தக் கரி போதும், நன்றாக வழுக்கும்.

அடுத்தது கீ. முன்பக்கம் கம்பி சுற்றும் தண்டைச் சுற்றி ஸ்பேனர் போடுகிற நட்டு இருந்தால் பெரும்பாலும் 10 மிமீ ஸ்பேனர் சேரும், பைக் வைத்திருப்பவர் யாரிடமும் 10-11 ஸ்பேனர் இருக்கும். லேசாக முறுக்கு, அழுத்தி முறுக்கினால் மரத்தின் பெயின்ட் விரியும். திருகுகிற காதின் நுனியில் சின்ன ஸ்குரூ இருந்தால் அதையும் கால் சுற்று இறுக்கிப் பார். ஆட்டம் நின்றுவிட்டால் காசு மிச்சம்.

முட்டம்_அலை:
கடற்கரைப் பக்கம் கிட்டாரை வெளியே வைத்தால் இந்தத் துரு வரத்தான் செய்யும் மக்கா. எங்கள் வீட்டில் கம்பியை வாசித்து முடித்ததும் துடைக்காமல் விட்டால் கொஞ்ச நாளிலேயே கை கறுக்கும். பல்சக்கரம் வெளியே தெரிகிற திறந்த கீ இந்தக் காற்றுக்கு ஆகாது, உப்பும் தூசியும் உள்ளே போய்ப் பல்லைத் தின்னும். மூடி போட்டு உள்ளே கிரீஸ் அடைத்த சீல்டு டைப் வாங்கு. தேங்காய் எண்ணெய் விடச் சொல்வார்கள், விடாதே, தூசி பிடித்துப் பிசினாகிவிடும். முடிந்தால் கம்பியைத் தண்டிலேயே பூட்டிப் பிடிக்கிற லாக்கிங் கீயே போடு, கம்பி நழுவவே நழுவாது.

குழித்துறை_ஆறுகம்பி:
பார்த்துவிட்டேன் அண்ணா. பென்சில் தேய்த்தபின் பெண்ட் அடித்தால் முன்னைவிட நன்றாக நிற்கிறது. ஆனால் ஜி கீயிலும் அதன் பக்கத்துக் கீயிலும் ஆட்டம் போகவில்லை, காதைத் திருப்பினால் கொஞ்ச தூரம் சும்மா சுற்றுகிறது. பின்னால் ஒவ்வொரு கீக்கும் சாய்வாக ஒரே ஒரு ஸ்குரூ. பட்டறை அண்ணனிடம் வெர்னியர் வைத்து அளந்தேன், துளை 10 மிமீ.

வடசேரி_பேஸ்:
அப்படியானால் நீ தப்பித்தாய். 10 மிமீ என்பது இப்போதைய சீல்டு கீக்கான அளவு, மரத்தை அகலப்படுத்த வேண்டியதே இல்லை. ஸ்ட்ராட் 1954-ல் வந்தபோது அதில் இருந்தது க்ளூசன் கம்பெனி வகைக் கீ, அந்தப் பழைய வகைக்குத் துளை சிறியது, 9 மிமீக்கும் குறைவு. அதைத் தவறி வாங்கினால் உன் துளையில் ஆடும், நடுவில் அடாப்டர் வளையம் தேட வேண்டி வரும். விளம்பரத்தில் ஆறும் ஒரே பக்கம் என்று இருக்கிறதா, உன் பக்கத்துக்கானதுதானா, பின்பக்கம் ஸ்குரூ மாட்டும் இடம் உன்னுடையது போலவே சாய்வாக இருக்கிறதா, இந்த மூன்றையும் படத்தோடு ஒப்பிடு. சில கீயில் ஸ்குரூவே கிடையாது, அடியில் இரண்டு முளை மட்டும் இருக்கும், அது உனக்கு வேண்டாம். 14:1, 18:1 என்று போட்டிருப்பது தண்டு ஒரு சுற்றுச் சுற்றக் காதை எத்தனை தடவை திருப்ப வேண்டும் என்பது. 18 என்றால் சுருதியை நுணுக்கமாகப் பிடிக்கலாம், 14-ம் போதும்.

மாட்டும்போது பழைய ஸ்குரூ துளை சேர்ந்தால் அப்படியே போடு. சேராவிட்டால் பல்குச்சியில் மரப்பசை தடவிப் பழைய துளையை அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுப் புதுத் துளை போடு. முதலில் ஆறையும் கோர்த்து, முன்பக்க ஸ்பேனர் நட்டைக் கையால் மட்டும் இறுக்கி, பின்பக்கம் ஸ்கேல் வைத்து நேராக்கியபின் பென்சில் புள்ளி வை. 1.5 மிமீ டிரில் பிட்டில் ஸ்குரூ நீளத்துக்கு டேப் சுற்றிக்கொள், இல்லையென்றால் முன்பக்கம் பொத்துக்கொண்டு வரும். ஸ்குரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுக் கையாலேயே திருகு. அந்தச் சின்ன ஸ்குரூ தலை முறிந்து உள்ளே நின்றுவிட்டால் எடுப்பது பெரும்பாடு. கைப்பிடியால் ஆட்டுகிற ட்ரெமோலோ பாலம் என்றால் கம்பி எல்லாம் கழற்றுவதற்கு முன் அடியில் துணி மடித்து வை, ஸ்பிரிங் இழுத்து அது சாயும்.

லாக்கிங் விஷயத்தில் முட்டம் தம்பியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. கம்பி மாற்ற அது சுலபம், சுற்று நழுவாது, உண்மைதான். ஆனால் நட் பள்ளத்தில் சிக்குவதை அது தீர்க்காது, எடையும் கூடும். இவன் இப்போதுதான் ஆரம்பிக்கிறான், கம்பியை ஒழுங்காகச் சுற்றக் கற்றுக்கொள்ளட்டும்: மெல்லிய கம்பிக்கு மூன்று நான்கு சுற்று, தடித்ததற்கு இரண்டு மூன்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி. சுருதி கூடிப் போனால் அங்கேயே நிறுத்தாமல் கீழே இறக்கி மறுபடி மேலேற்றிப் பிடி.

முட்டம்_அலை:
சரி அண்ணா, சாதாரண சீல்டே போதும், ஒத்துக்கொள்கிறேன். தம்பி, பழைய கீயையும் ஸ்குரூவையும் ஒரு கவரில் போட்டுக் கட்டி வை, அதில் நல்ல நாலு கீ இருக்கிறதே, வேறு யாருக்காவது உதவும். புதுக் கம்பி போட்டதும் ஒவ்வொன்றையும் கையால் இழுத்து இழுத்து டியூன் செய், நீட்டம் தீர்ந்தபிறகுதான் சுருதி நிற்கும். அதனால் கேரலுக்கு முந்தின நாள் கம்பி மாற்றாதே, ஒரு வாரம் முன்பே போட்டுவிடு.