புதுப்பிப்பு: தம்பியின் மனநலச் சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார் (இங்கிலாந்து)

இளையோர் மனநலச் சேவைக்குச் செல்லும் என் 17 வயதுத் தம்பி, ஆங்கிலம் அறியாத அம்மாவுக்குத் தன் துயரத்தைத் தானே மொழிபெயர்க்க வேண்டியிருந்ததைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, சந்திப்புக்கு முன்பே மொழிபெயர்ப்பாளரை எழுத்தில் கேட்கச் சொன்ன யோசனைதான். என்.எச்.எஸ். (இங்கிலாந்தின் அரசுப் பொது மருத்துவச் சேவை) மொழிபெயர்ப்பை இலவசமாகவே தர வேண்டும். குடும்பத்தினரை, குறிப்பாகச் சிறுவர்களை, மொழிபெயர்க்க வைப்பதை அதன் வழிகாட்டுதல் ஏற்பதில்லை. வாய்மொழியாகக் கேட்டபோது நகராத காரியம், மின்னஞ்சல் அனுப்பியபின் நகர்ந்தது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. தமிழ் ஆலோசகரிடம் மாறலாம் என்று சிலர் சொன்னதைத் தம்பி உறுதியாக மறுத்துவிட்டான். தான் பேசுவது அறிமுகமானவர்கள் காதுக்குப் போய்விடும் என்ற அச்சம், ரகசியக் காப்பு விதிகளை எவ்வளவு விளக்கியும் தீரவில்லை. (நம் கல்யாண வீட்டுப் பேச்சுகளை அறிந்த எனக்கு அவனைக் குறைசொல்ல மனமில்லை.) ஆகவே நேரில் வராமல் தொலைபேசியில் பேசும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற்றோம். இப்போது சந்திப்பின் பெரும்பகுதி அவன் தனியாகவே பேசுகிறான்; அம்மா இறுதியில் மட்டும் சேர்ந்துகொள்கிறார். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 16 வயதானவர் சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் தரலாம் என்பதால் இந்த ஏற்பாட்டுக்கு எவரும் தடை சொல்லவில்லை.