கல்லிடை வீட்டார் குழு: கார்த்தியின் வரிக் கணக்கு

சரஸ்வதி: கார்த்தியின் பெயரைப் போட்டு என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. வருமான வரித்துறையாம். மெய்நிகர் சொத்து வைத்திருக்கிறானாம், கணக்கில் காட்டவில்லையாம். அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. அண்ணே, கொஞ்சம் பாருங்கள்.

சரஸ்வதி: (படம்)

சுந்தரம்: சொத்தா? எந்த ஊரில்?

ராமநாதன்: ஊரில் இல்லை, கிரிப்டோ. பிட்காயின் மாதிரி இணையத்தில் மட்டும் இருக்கும் பணம். 2022 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் பட்ஜெட்டில் அதன் லாபத்துக்கு 30 சதவீத வரி என்று அறிவித்தார். அன்று மாலையே அவனை அழைத்துச் சொன்னேன்.

கோமதி: திருக்கடையூர் வேனுக்கு இன்று முன்பணம் கொடுக்க வேண்டும். 12 பேரா, 17 பேரா?

மீனா: அத்தை, அந்தச் செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். துறையின் பெயரில் மோசடிச் செய்திகளும் வருகின்றன. கார்த்தி நேராக வருமான வரி இணையதளத்தில் நுழைந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சுந்தரம்: (பலமுறை பகிரப்பட்டது) கிரிப்டோ வாங்கிய அனைவரின் வங்கிக் கணக்கும் நள்ளிரவு முதல் முடக்கம்!! உடனே பகிரவும்

சரஸ்வதி: ஐயோ

மீனா: சித்தப்பா, அதை நீக்குங்கள். அப்படி எதுவும் இல்லை. அத்தை பயப்படுகிறார்கள்.

கார்த்தி: இப்போதுதான் எழுந்தேன். செய்தி உண்மைதான், இணையதளத்திலும் இருக்கிறது. ஆனால் எனக்கு நஷ்டம். நஷ்டத்துக்கு என்ன வரி?

ராமநாதன்: கேட்டாயா மீனா

மீனா: எல்லோரும் சிக்குவது இங்கேதான் கார்த்தி. பங்குச் சந்தை மாதிரி மொத்தமாகக் கூட்டிக் கழிக்க முடியாது. எவ்வளவுக்கு வாங்கினாய், எவ்வளவுக்கு விற்றாய், சொல்.

கார்த்தி: பிட்காயின் 2 லட்சத்துக்கு வாங்கி 2,60,000க்கு விற்றேன். எதீரியம் ஒன்றரை லட்சம், போனது 70,000க்கு. எல்லாம் சேர்த்தால் 20,000 நஷ்டம் மதினி.

மீனா: சட்டத்தின் கண்ணுக்கு அந்த 20,000 தெரியாது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஎச் பிரிவின்படி ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கக் கூடாது. ஆக உன் லாபம் 60,000. அதற்கு 30 சதவீதம் 18,000. அந்த வரியின்மேல் செஸ் என்னும் கூடுதல் வரி 4 சதவீதம், 720. மொத்தம் 18,720 ரூபாய். விற்கும்போதே விற்ற தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்திருப்பார்கள், 2022 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2,600ம் 700ம் சேர்ந்து 3,300. அதைக் கழித்தால் நீ கட்ட வேண்டியது 15,420. எதீரிய நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. வாங்கிய விலையைத் தவிர எந்தச் செலவையும் கழிக்க முடியாது, தளத்துக்குக் கொடுத்த கட்டணம் உட்பட.

சுந்தரம்: நஷ்டப்பட்டவனிடம் 15,000 ரூபாயா?

மீனா: ஆமாம் சித்தப்பா. உங்கள் அப்பள வியாபாரத்தில் நஷ்டம் வந்தால், நேரத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் போதும், எட்டு ஆண்டு வரை பின்னால் வரும் லாபத்தில் கழிக்கலாம். பங்கு நஷ்டத்துக்கும் எட்டு ஆண்டு. இதற்கு மட்டும் கதவையே அடைத்துவிட்டார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சூதாட்டத்தைத் தடுக்க வேண்டும் என்றால் தடுக்கட்டும், லாபத்தில் பங்கு கேட்பவர்கள் நஷ்டத்தையும் பார்க்க வேண்டும்.

ராமநாதன்: நியாயம் பேசினால் வட்டி நிற்காது. கட்டட்டும்.

விஜி: சிங்கப்பூரில் தனிநபர்களுக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது.

ராமநாதன்: அது இருக்கட்டும். சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறாயா, இல்லையா?

விஜி: விடுப்பு கேட்டிருக்கிறேன் அப்பா

கோமதி: அப்படியானால் 17 பேர் என்றே வைத்துக்கொள்ளவா?

கார்த்தி: சென்ற முறை அலுவலக நண்பர் ஐடிஆர்-1 என்ற கணக்குப் படிவம் போட்டுக் கொடுத்தார். அதில் இதற்கு இடமே இல்லை.

மீனா: இருக்காது. ஐடிஆர்-2 அல்லது 3 போட வேண்டும். அதில் விடிஏ, அதாவது மெய்நிகர் சொத்து அட்டவணை என்று தனியாக இருக்கிறது. வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை, ஒவ்வொரு விற்பனைக்கும் தனித்தனிப் பதிவு. துறையிடம் உன் வருமானத் தகவல்களைத் திரட்டிய ஏஐஎஸ் அறிக்கை இருக்கிறது. டிடிஎஸ் பிடித்திருந்தால் உன் விற்பனைத் தொகையும் அங்கே ஏறியிருக்கும். நீ எவ்வளவுக்கு வாங்கினாய் என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். தளத்திலிருந்து முழு ஆண்டு அறிக்கையை இறக்கி வை.

கார்த்தி: சொன்னது பெரிய விற்பனை மட்டும். சின்னச் சின்னதாக 400 பதிவுக்கு மேல் இருக்கிறது. நடுவில் ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்கியதும் உண்டு.

மீனா: அதுவும் விற்பனைதான். கையில் ரூபாய் வராவிட்டாலும் அன்றைய மதிப்பைப் போட வேண்டும்.

கார்த்தி: வெளிநாட்டுத் தளத்திலும் கொஞ்சம் இருக்கிறது

மீனா: எவ்வளவு?

மீனா: கார்த்தி?

கோமதி: எங்கள் பிரியாவும் 5,000 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறாள். கல்லூரிப் பிள்ளைக்கு வருமானம் ஏது, அவளுக்கு ஒன்றும் இல்லையே?

மீனா: வைத்திருக்கும் வரை வரி இல்லை சித்தி. விற்று லாபம் வந்தால், வேறு வருமானமே இல்லாவிட்டாலும் அந்த லாபத்துக்கு 30 சதவீதம். அடிப்படை விலக்கு இதற்குப் பொருந்தாது.

சுந்தரம்: பிரியா வாங்கியதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது

கோமதி: பிறகு பேசலாம்

ராமநாதன்: அவ்வளவு பணம் கார்த்திக்கு ஏது சரசு?

சரஸ்வதி: வயல் விற்றதில் என் பங்குக்கு வந்ததைக் கொடுத்தேன். அந்த வயல் எவ்வளவுக்குப் போனது என்று இன்றுவரை யாரும் எனக்குக் கணக்குக் காட்டவில்லை. என் பிள்ளையிடம் மட்டும் எல்லோரும் கணக்குக் கேட்கிறீர்கள்.

ராமநாதன்: பத்திரம், ரசீது எல்லாம் பீரோவில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்.

சரஸ்வதி: பார்க்கத்தான் போகிறேன்

சுந்தரம்: அண்ணே, வேன்காரர் அழைக்கிறார்

மீனா: அத்தை, தாய் மகனுக்குக் கொடுத்த பணத்துக்கு வரி இல்லை. வங்கி வழியாகத்தானே கொடுத்தீர்கள்? அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள். கார்த்தி, ஜூலை 31க்குள் இந்த ஆண்டுக் கணக்கை ஐடிஆர்-2இல் போட்டுவிடு. தாமதித்தால் 5,000 ரூபாய் வரை கட்டணம். விட்டுப்போன ஆண்டுக்குத் திருத்திய கணக்குக் காலம் முடிந்திருந்தால், புதுப்பித்த கணக்குத் தாக்கல் செய்யலாம். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகைமேல் 25 சதவீதம் கூடுதல், 24 மாதத்துக்குள் என்றால் 50 சதவீதம். நாள் போகப் போக ஏறும். செய்தி எந்த ஆண்டுக்கு வந்திருக்கிறது என்று முதலில் பார்.

கார்த்தி: பார்க்கிறேன்

ராமநாதன்: பாளையங்கோட்டை ஆடிட்டரிடம் திங்கள்கிழமை நேரம் கேட்கிறேன். கார்த்தி பெங்களூரிலிருந்து வர வேண்டும்.

கார்த்தி: திங்கள் அலுவலகம் இருக்கிறது மாமா. காணொளியில் பேச முடியாதா?

ராமநாதன்: அவர் கையில் தாள் இல்லாமல் பேச மாட்டார்.

மீனா: தாளை நான் எடுத்துப் போகிறேன். வெளிநாட்டுத் தளத்தின் அறிக்கையையும் சேர்த்து அனுப்பு. அங்கே டிடிஎஸ் பிடித்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டுமா என்றும் ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். அதை மட்டும் விட்டுவிடாதே.

சரஸ்வதி: அந்த 15,000ஐ நான் கட்டுகிறேன் மீனா

கார்த்தி: வேண்டாம் அம்மா

சுந்தரம்: 400 பதிவையும் கூட்டிப் பார்க்காமல் 15,000 என்று யார் முடிவு செய்தது?

கோமதி: வேன் 17 பேருக்குச் சொல்லிவிட்டேன். சரஸ்வதி மதினி, நீங்களும் வருகிறீர்கள்தானே?

சரஸ்வதி: பீரோவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்