தோட்டா விலை ஏறியதற்கு ஹெர்குலேனியம் ஈய உருக்காலையை மூடியதுதான் காரணமா?

சனிக்கிழமைச் சுடுநர் (கேள்வி):
மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்தபிறகு சின்னத் தோட்டா போடும் .22 ரைஃபிள் ஒன்று வாங்கி, கூட வேலை பார்க்கும் ஒரு பெரியவரோடு சனிக்கிழமை காலையில் சுடும் தளத்துக்குப் போய்வருகிறேன், காகிதத்தில் ஓட்டை போடுவதோடு சரி, வேட்டையெல்லாம் இல்லை. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தோட்டா விலை ஏறும்போதெல்லாம் ஒரே பாட்டுதான்: ஹெர்குலேனியத்தில் ஈய உருக்காலையை இழுத்து மூடினார்களே, அன்றைக்குப் பிடித்த சனி, துப்பாக்கியைத் தடை செய்ய முடியாத ஒபாமா ஆட்கள் ஈயத்தை நிறுத்திக் கொல்லைப்புற வழியாக வருகிறார்கள் என்று. 2013-இல் நான் இந்த நாட்டிலேயே இல்லை. அந்த ஊரோ இங்கிருந்து தெற்கே அரைமணி நேரம்தான். அவர் சொல்வதில் எவ்வளவு நிஜம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அரசியல் சண்டை வேண்டாம்.

ஆற்றங்கரை:
ஆலையை மூடியது நிஜம், அதற்குச் சுற்றுச்சூழல் விதி காரணம் என்பதும் நிஜம். 1892-இலிருந்து மிசிசிப்பி கரையில் புகைந்துகொண்டிருந்த ஆலை அது, 2013 டிசம்பரில் நின்றது. தாதுவிலிருந்து நேரடியாக ஈயம் எடுக்கும் உருக்காலை அதோடு அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை. ஒரு கன மீட்டர் காற்றில் ஈயம் 1.5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 1978-இல் போட்ட வரம்பை 2008-இல் 0.15 ஆக்கினார்கள், ஒரேயடியாகப் பத்தில் ஒரு பங்கு. பழைய ஆலையை வைத்துக்கொண்டு அதை எட்டவே முடியாது, புது முறையில் கட்டக் கட்டுப்படியாகாது என்று ஆலையை நடத்திய டோ ரன் நிறுவனமே 2010-இல் அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் மூட ஒத்துக்கொண்டது.

இப்போது உங்கள் பெரியவரிடம் ஒன்று கேளுங்கள். 2008 அக்டோபரில் அதிபர் யார்? புஷ். வரம்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி வழக்குப் போட்டது யார்? மிசௌரிக்காரர்கள்தான். அந்த ஊரில் தாது லாரிகள் போகும் தெருவெல்லாம் ஈயத்தூசி படிந்து, ஆலையை ஒட்டிக் குடியிருந்த சின்னக் குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தத்தில் ஈயம் அதிகம் என்று 2000-களின் தொடக்கத்தில் பரிசோதனையில் தெரிந்தது, கடைசியில் சுற்றியிருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை நிறுவனமே விலைக்கு வாங்கிக் காலி செய்தது. துப்பாக்கியைப் பற்றி அங்கே யாருக்கும் நினைப்பே இல்லை.

தோட்டா விஷயத்துக்கு வந்தால், இந்த நாட்டில் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்கு கார் பேட்டரிக்குப் போகிறது, தோட்டாவுக்குப் போவது கொசுறு. அந்தக் கொசுறும் பெரும்பாலும் பழைய பேட்டரியை உடைத்து உருக்கிய மறுசுழற்சி ஈயம். மூடும் செய்தி வந்தபோதே, நாங்கள் வாங்குவது மறுசுழற்சி ஈயம், எங்களுக்குப் பாதிப்பில்லை என்று மிசௌரியிலேயே இருக்கும் சியரா தோட்டா நிறுவனம் சொல்லிவிட்டது. அப்புறம் தேதியைப் பாருங்கள். கடையில் .22 தோட்டா காலியானது 2012 டிசம்பர் சாண்டி ஹூக் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிடும் என்று பயந்து ஆளாளுக்குப் பெட்டி பெட்டியாக அள்ளியதால். ஆலை மூடியது அதற்கு ஒரு வருஷம் கழித்து. கல்யாணத்துக்கு முன்பே வளைகாப்பு நடந்த கதைதான்.

இன்னொன்று, ஹெர்குலேனியம் மலையுச்சியில் 1809-லேயே ஈயக் குண்டு செய்தார்கள். உருக்கிய ஈயத்தைச் சல்லடையில் ஊற்றினால் துளித்துளியாக விழும், விழும் வழியிலேயே உருண்டையாகிக் கீழே தண்ணீரில் சுருக்கென்று இறுகும். அப்படி உயரத்திலிருந்து ஊற்றக் கோபுரம் கட்டும் செலவை மலையே மிச்சம் பிடித்துக் கொடுத்தது. பெரியவருக்கு இந்தக் கதை பிடிக்கும்.

வாளி ஈயம்:
மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் விதியால் எந்தப் பாதிப்பும் இல்லை என்கிற மாதிரி முடித்துவிடாதீர்கள். பெரிய கம்பெனிக்குப் பாதிப்பில்லை, வீட்டில் தோட்டா வார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு அடி விழுந்தது, அது வேறு வழியாக.

டயர் கடையில் வீல் பேலன்ஸ் செய்யும்போது விளிம்பில் தட்டி மாட்டுவார்களே, அந்த ஈயத்துண்டுதான் எங்களுக்கு அரிசி பருப்பு. அதில் கொஞ்சம் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்திருக்கும், தோட்டாவுக்கு வேண்டிய கடினம் அதிலேயே வந்துவிடும். முன்பெல்லாம் ஒரு பெட்டி டோனட் வாங்கிப் போய்க் கொடுத்தால் ஒரு வாளி தூக்கிக் கொடுப்பார்கள். இரும்பும் துத்தநாகமும் வந்தபிறகு, கலிபோர்னியா, வாஷிங்டன் மாதிரி சில மாநிலங்கள் ஈயத்துண்டைத் தடையும் செய்தபிறகு, அதே வாளியில் பாதிக்குக் குறைவாகத்தான் ஈயம் தேறுகிறது. இப்போது ஒவ்வொரு துண்டாகக் கான்கிரீட் தரையில் போட்டுக் கேட்க வேண்டும்: ஈயம் 'தொப்'பென்று விழும், துத்தநாகம் 'கிணிங்' என்று பாடும். தப்பி ஒன்றிரண்டு உள்ளே போனாலும் சட்டி சூட்டை 400 டிகிரி செல்சியஸ் தாண்டாமல் பிடித்தால், ஈயம் 327-லேயே உருகி அடியில் நிற்கும், துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். சூடு மிஞ்சிக் கலந்துவிட்டால் அந்தச் சட்டி முழுக்கக் கஞ்சியாகிவிடும், அச்சில் ஒழுங்காக நிரம்பாது. எனக்கு ஒருமுறை அப்படி எட்டுக் கிலோ போனது.

அதே சமயம் இதையும் சொல்லியாக வேண்டும்: 2020-21 தோட்டாத் தட்டுப்பாட்டில் என் கொட்டகையில் ஈயம் இரண்டு வாளி நிறைய இருந்தது, தோட்டாக்கூடும் மருந்தும் இருந்தது, பிரைமர் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பிரைமர் என்பது கூட்டின் அடியில் உட்காரும் பட்டாணி அளவு தொப்பி, அது இல்லாமல் மீதியெல்லாம் இரும்புக்கடைச் சாமான். தோட்டாத் தட்டுப்பாடு என்றாலே ஈயம் என்று நினைப்பவர்கள் ஒருமுறையாவது சொந்தமாகத் தோட்டா செய்து பார்க்க வேண்டும்.

பேக்கர்ஸ்ஃபீல்டு:
நான் கலிபோர்னியா. இங்கே விதி நேராகவே தோட்டாவைத் தொடுகிறது. 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கைச் சுட்டாலும் ஈயமில்லாத தோட்டாதான், சட்டம் போட்டது 2013-இல். காரணம் காண்டர் கழுகு. 1982-இல் உலகத்திலேயே 22 தான் மிச்சம். மானைச் சுட்டு அங்கேயே குடலை அறுத்துப் போட்டுவிட்டு வருவார்கள், ஈயத் தோட்டா உள்ளே நொறுங்கித் துகளாகக் கிடக்கும், கழுகு அதைத் தின்னும். செம்புத் தோட்டா அப்படி நொறுங்காது, பூ விரிவது மாதிரி விரிந்து ஒரே துண்டாக நிற்கும்.

பெரிய ரைஃபிளுக்குச் செம்பு வாங்கிவிடலாம், விலைதான் கடிக்கும். ஈயமில்லாத .22 தான் தலைவலி. கிடைப்பதே அரிது, எடை குறைவு, என் துப்பாக்கியில் ஐம்பது கஜத்தில் குறி சிதறுகிறது. ஆனால் கேள்வி கேட்டவருக்கு இது பொருந்தாது, காகிதத்தைச் சுட இங்கேகூட ஈயத் தோட்டா போடலாம்.

வாத்து வேட்டைக்கு 1991-லேயே நாடு முழுக்க ஈயக் குண்டை நிறுத்திவிட்டார்கள். வாத்து இரை அரைக்கக் கல் பொறுக்குமே, கல் என்று நினைத்து ஈயத்தை விழுங்கிச் செத்தது. அப்போதும் வேட்டையே ஒழிந்தது என்றுதான் பேசினார்கள். இப்போது அலமாரி நிறைய இரும்புக் குண்டு. ஈயத்தை விட லேசு, அதனால் இரண்டு அளவு பெரியதாகப் போட வேண்டும், தாத்தா காலத்துப் பழைய துப்பாக்கிக் குழலுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஆற்றங்கரை:
பேக்கர்ஸ்ஃபீல்டு சொன்னதோடு ஒரு வரி: ராணுவமே 2010-லிருந்து தன் ரைஃபிள்களுக்கான 5.56 மி.மீ. தோட்டாவில் ஈயத்தை எடுத்துவிட்டுச் செம்பும் எஃகும் வைக்கிறது. அதைச் செய்யும் லேக் சிட்டி ஆலை நம் மிசௌரியில்தான் இருக்கிறது.

சனிக்கிழமைச் சுடுநர்:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குத் தளத்தில் மொத்தத்தையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். புஷ் பெயரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை, மேகசினில் தோட்டா நிரப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "அந்த இரண்டு வாளிக்காரர் எந்த ஊர்? ஈயம் விற்பாரா?"

வாளி ஈயம்:
விற்க மாட்டேன். பிரைமர் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.